மண்ணரிப்பு வரைபடம்: கேள்வி பதில்

கேள்வி: குன்னூர் அருகே ஒரு ஓடையின் நீர்ப்பிடிப்புப் பகுதிக்கு, 30 மீட்டர் கட்டங்களாக (பிக்சல்) நில உயரத்தைத் தரும் எஸ்ஆர்டிஎம் தரவை வைத்து, கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ரஸ்ல் (RUSLE) என்ற மண் இழப்புச் சூத்திரப்படி மண்ணரிப்பைக் கணக்கிட்டோம். சில இடங்களில் எக்டேருக்கு ஆண்டுக்கு 2,000 டன் வருகிறது. எங்கே தவறு? - கல்லூரி மாணவர், கோவை

பதில்: ஒரு எக்டேரில் 1 மி.மீ. மண் என்றால் 10 கன மீட்டர், ஏறத்தாழ 12 டன். உங்கள் கணக்குப்படி அந்த இடத்தில் ஒரே ஆண்டில் சுமார் 17 செ.மீ. மேல்மண் போயிருக்க வேண்டும். எந்த எண் வந்தாலும் முதலில் இப்படி மில்லிமீட்டராக்கிப் பாருங்கள்.

ரஸ்ல் சூத்திரம் இது: மண் இழப்பு = ஆர் (மழையின் அரிக்கும் திறன்) × கே (மண் அரிபடும் தன்மை) × எல்எஸ் (சரிவின் நீளம், சாய்வு) × சி (பயிர்மூடல்) × பி (பாதுகாப்புப் பணி). மலைப்பகுதியில் பெரும்பாலும் கெடுப்பது எல்எஸ்தான். சரிவு டிகிரியில் இருக்கும். ராஸ்டர் கால்குலேட்டரின் (பிக்சல்வாரியாகக் கணக்கிடும் கருவி) சைன், கோணத்தை ரேடியன் அலகில்தான் எதிர்பார்க்கும். 20 டிகிரிக்கு வரவேண்டியது 0.342. அப்படியே 20 என்று கொடுத்தால் 0.913 வந்து, சாய்வுக் காரணி மூன்றரை மடங்காகும். 30 கொடுத்தால் எதிர்மறை எண் வந்து, அதற்குப் பின்ன அடுக்கு எடுக்க முடியாமல் அந்தப் பிக்சல் வெற்றாகிவிடும். வரைபடத்தில் எதிர்பாராத ஓட்டைகள் தெரிந்தால் இது காரணமாக இருக்கலாம். சரிவை 0.01745-ஆல் பெருக்கிவிட்டு சைன் எடுங்கள்.

அடுத்து நீர்த்திரட்சி, அதாவது ஒரு பிக்சலுக்கு மேலிருந்து நீர் வந்து சேரும் பரப்பு. எல்எஸ்-இன் சரிவு நீளம் இதிலிருந்தே வருகிறது. இதைக் கணக்கிடும் மென்பொருள்களில் கிராஸ் பிக்சல் எண்ணிக்கையைத் தரும், சாகா சதுர மீட்டரில் பரப்பைத் தரும். இரண்டையும் ஒரே சூத்திரத்தில் போடக்கூடாது. ஓடைப் பிக்சல்களில் திரட்சி ஆயிரக்கணக்கில் ஏறும். ரஸ்ல் கணக்கிடுவது சரிவில் படலமாகவும் சிறு வாய்க்கால்களாகவும் நீர் அரிப்பதை மட்டுமே. ஓடை அரிப்பும் நிலச்சரிவும் அதில் சேராது. ஆகவே ஓடைகளை மறைத்துவிட்டு, சரிவு நீளத்தை 120 மீட்டருக்குள் (4 பிக்சல்) நிறுத்துங்கள்.

அலகையும் பாருங்கள். அமெரிக்க அட்டவணையின் கே மதிப்பை 0.1317-ஆல் பெருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு ஆர் மதிப்பை மட்டும் மெட்ரிக்கில் வைத்தால் விடை ஏழரை மடங்கு ஏறும்.

கேள்வி: மேகமில்லாத சென்டினல்-2 செயற்கைக்கோள் படம் ஜனவரிக்குப் பிறகுதான் கிடைக்கிறது. அந்த ஒரு படத்தின் என்டிவிஐ-யிலிருந்து (பசுமை அளவைக் காட்டும் குறியீடு) சி காரணியை எடுக்கலாமா? - வாசகர், கோத்தகிரி

பதில்: கூடாது. கார்போக உருளைக்கு ஏப்ரல், மே மாதங்களில் மண்ணைக் கிளறி விதைக்கிறார்கள். இலை மூடுவதற்குள் கோடை மழையும் தென்மேற்குப் பருவமழையும் இறங்கிவிடுகின்றன. கடைப்போகத்தில் ஆகஸ்ட், செப்டம்பரில் மீண்டும் மண் திறந்து கிடக்கும். உங்கள் பக்கத்துக்கு வடகிழக்கு மழை அதன் பின்னால் வருகிறது. ஜனவரிப் படம் இதில் எதையும் காட்டாது.

5 நாளுக்கு ஒரு படம் வருகிறது. மூன்று ஆண்டுப் படங்களில் மேகத்தை நீக்கி, மாதவாரியாக இடைநிலை மதிப்பை எடுத்து, மாதத்துக்கு ஒரு சி கணக்கிடுங்கள். ஆண்டின் ஆர் மதிப்பில் அந்த மாதத்தின் பங்கால் ஒவ்வொன்றையும் பெருக்கிக் கூட்டினால் ஆண்டுக்கான சி கிடைக்கும். என்டிவிஐ-யை சி ஆக்க வழக்கமாக எடுத்தாளும் அடுக்குச் சூத்திரம் ஐரோப்பாவுக்காக உருவானது: என்டிவிஐ 0.5 என்றால் சி 0.135, 0.3 என்றால் 0.424. காய்ந்த சருகு மண்ணை நன்றாகவே காக்கும். ஆனால் என்டிவிஐ-க்கு அதுவும் வெற்று மண்ணும் ஒன்றுதான். கவாத்து செய்த தேயிலைத் தோட்டத்தை நேரில் பார்க்காமல் மதிப்பு போடாதீர்கள்.

கேள்வி: மண்ணரிப்பு வரைபடத்தில் படிமட்ட நிலங்களும் அதிக அரிப்பைக் குறிக்கும் சிவப்பாகவே வருகின்றனவே? - விவசாயி, கேத்தி

பதில்: உங்கள் படிகள் சில மீட்டர் அகலம்தான் இருக்கும். 30 மீட்டர் உயரத் தரவுக்கு அவை தெரியாது. முழு மலையையும் ஒரே செங்குத்துச் சரிவாக எடுத்துக்கொள்ளும். படிகளைத் துல்லியப் படத்தில் கையால் வரைந்து பி மதிப்பைக் குறைக்க வேண்டும். பாத்தி சரிவோடு ஓடினால் பி 1. குறுக்காகப் போட்டால் 9 முதல் 12 சதவீதச் சரிவில் 0.6, 21 முதல் 25 சதவீதத்தில் 0.9 ஆகிவிடும், பெரிய பலன் இல்லை. பாத்தி எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது 10 மீட்டர் படத்திலும் தெரியாது, வயலில்தான் பார்க்க வேண்டும்.

அப்போதே கீழே உள்ள தடுப்பணையில் ஓராண்டில் படிந்த வண்டலை அளந்துவிடுங்கள். அது பொதுவாக வரைபடத்தின் கூட்டுத் தொகையைவிடக் குறைவாகவே இருக்கும், ஏனென்றால் அரித்த மண்ணில் ஒரு பகுதி வழியிலேயே தங்கிவிடும். அளந்தது கூடுதலாக இருந்தால் ஓடைக்கரை இடிகிறதா, சாலையோரம் வெட்டிய மண் வருகிறதா என்று போய்ப் பாருங்கள்.