ஒரே ஜன்னல், முப்பத்தாறு படம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அப்பாவின் பழைய யாஷிகா கேமரா பரணில் கிடைத்தது. ஆசையாகத் துடைத்து, பிலிம் ரோலும் வாங்கிப் போட்டேன். மூன்று மாதத்தில் நான்கு படம்தான் எடுத்திருக்கிறேன். ரோல் விற்கிற விலைக்கு வீணாகிவிடுமோ என்று கை வரமாட்டேன் என்கிறது. என் நாட்களில் வீடு, பஸ், ஆபீஸ் தவிர ஒன்றுமில்லை. எங்காவது மலைப்பக்கம் போகும்வரை காத்திருக்கலாமா?

ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

காத்திருக்க வேண்டாம். வீட்டிலேயே ஆரம்பியுங்கள்.

ஸால் லைட்டர் என்று ஒரு புகைப்படக் கலைஞர். ஓவியராக வேண்டும் என்று 1946-இல் நியூயார்க் வந்தவர். அங்கே ஈஸ்ட் வில்லேஜ் பகுதியில் குடியேறி, 2013-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். அவர் பெயர் சொல்லும் வண்ணப் படங்களில் பல, வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் எடுத்தவை. ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் ஒரு ஆள், பனி கொட்டும் தெருவில் ஒரு சிவப்புக் குடை, அவ்வளவுதான் இருக்கும். காலாவதியான பிலிமையும் வாங்கிப் போட்டு எடுத்தார். அதில் நிறம் கொஞ்சம் மாறி வருவது அவருக்குப் பிடித்திருந்தது. 1940-களின் கடைசியிலேயே வண்ணத்தில் எடுக்கத் தொடங்கியவருக்கு, அந்தப் படங்கள் புத்தகமானது 2006-இல், எண்பது வயதைக் கடந்த பிறகு.

என் சமையலறை ஜன்னல் கிழக்குப் பார்த்தது. ஏழு மணி வாக்கில் வெயில் சாய்வாக அடுப்பு மேடையில் விழும். பால் பாத்திரத்திலிருந்து எழும் ஆவியை எடுக்க ஆசைப்பட்டேன். முதல் நாள் எடுத்தேன், மறுநாள் வேறு கோணத்தில் எடுத்தேன். மூன்றாம் நாள், கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு நிற்கும்போதுதான் புரிந்தது: பின்னால் இருப்பது வெள்ளைச் சுவர். அதன் முன்னால் ஆவி எப்படித் தெரியும்? ஒரு அடி இடப்பக்கம் நகர்ந்தேன். புகை படிந்த மூலை பின்னால் வந்தது. வெயில் பட்ட ஆவி இழை இழையாகப் பிரிந்து ஏறியது. போனில் என்றால் முதல் நாளே இருபது படம் எடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்பியிருப்பேன். ரோலின் முப்பத்தாறில் இன்னும் முப்பத்துநான்குதான் மிச்சம் என்பதால்தான் நின்று பார்த்தேன். பல வருடமாக தினமும் காபி போடுகிற இடம் அது.

இன்னொன்று. உங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள். ஊட்டியில் தயாரான 'இந்து' (INDU) பிலிம் நம்மூர் ஸ்டூடியோக்களில் புழங்கிய காலத்துக் கருப்பு வெள்ளைப் படங்கள் இருக்கலாம். தாத்தா விறைப்பாக நிற்பார். ஆனால் நம் கண் போவது அவருக்குப் பின்னால்: திண்ணையில் கவிழ்த்த குடம், ஆணியில் தொங்கும் காலண்டர், சுவரில் சாய்த்த சைக்கிள். எடுத்தவர் அவற்றைக் கவனித்தே இருக்கமாட்டார். இன்று நமக்குத் தொண்டையை அடைக்க வைப்பது அந்தக் குடம்தான். உங்கள் வீட்டில் அப்படி என்ன இருக்கிறது என்று ஒரு சுற்று வந்து பாருங்கள். அதற்குத் தைரியமாக இரண்டு படம் செலவழிக்கலாம்.

அப்புறம், கேமரா பழையது என்பதால் இதைச் சொல்கிறேன். பிலிம் ஏற்றும் லீவரை இழுக்கும்போது, இடப்பக்கம் ரோலைத் திருப்பிச் சுற்றும் குமிழும் கூடவே சுழல்கிறதா என்று பாருங்கள். சுழலவே இல்லை என்றால் பிலிம் பற்களில் மாட்டாமல் இருக்கலாம். என் முதல் ரோல் முழுக்க அப்படித்தான் போயிற்று. கழுவி வந்தபோது ஒரு படம்கூட இல்லை. அதில் என் பாட்டி இருந்தாள்.

அந்த நான்கு படம் எவற்றை எடுத்தீர்கள் என்று எழுதவே இல்லையே. அடுத்த கடிதத்தில் சொல்லுங்கள்.

அன்புடன்.