பனியில் தொங்கிப்போன ஸ்டாருக்கு
கடலூரிலிருந்து போய் பாண்டி சண்டே மார்க்கெட்டில் வாங்கிய காகித கிறிஸ்துமஸ் ஸ்டார் இரண்டே இரவில் தொங்கிவிட்டது என்கிறீர்கள். மழையே பெய்யாவிட்டாலும் மார்கழிப் பனி போதும்; காகிதம் ஊறி, மடிப்பில் பசை விட்டுவிடும். மொட்டைமாடிக்கு பிளாஸ்டிக் ஸ்டார்தான் சரி. காந்தி வீதியில் ஞாயிறு மட்டும்தான் சந்தை. மற்ற நாளில் நேரு வீதிப் பக்கம் பாருங்கள்.

கடையிலேயே விரித்து முனைகளைத் தடவிப் பாருங்கள். ஸ்டேபிள் அடித்த இடம்தான் முதலில் கிழியும். உள்பக்கம் டேப் ஒட்டிவிடுங்கள். 5 வாட் எல்இடி தாராளம். பழைய 60 வாட் குண்டு பல்பு வேண்டவே வேண்டாம், சூட்டில் பிளாஸ்டிக் உருகிவிடும்.

ஸ்டாரைக் கயிற்றில் கட்டுங்கள், ஒயரில் தொங்கவிடாதீர்கள் (பாதிப் பேர் செய்வது இதைத்தான்). ஒயர் ஒரு சாண் கீழே வளைந்து பிறகு மேலேறி உள்ளே நுழையட்டும். வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், ஹோல்டருக்குள் இறங்காது.