வால்டர் சிக்கர்ட்டின் ஓவியங்களில் ஜாக் த ரிப்பர் பற்றிய தடயம் ஒளிந்திருக்கிறதா?

இல்லை என்றே நினைக்கிறேன். சந்தேகம் வந்ததற்குக் காரணம் உண்டு. 1888-ல் லண்டன் வைட்சாப்பலில் பெண்களைக் கொன்ற, ஜாக் த ரிப்பர் என்று அழைக்கப்பட்டவன் பிடிபடவே இல்லை. சுமார் இருபது வருடம் கழித்து சிக்கர்ட் தன் வாடகை அறையை வரைந்து 'ஜாக் த ரிப்பரின் படுக்கையறை' என்று பெயர் வைத்தார். முன்பு அங்கே குடியிருந்தவன்தான் ரிப்பர் என்று வீட்டுக்கார அம்மா நம்பினாராம்.

அப்புறம் 'கேம்டன் டவுன் கொலை' ஓவியங்கள். இவை 1907-ல் நடந்த வேறொரு கொலையை ஒட்டியவை. அதில் ஒன்றை உற்றுப் பாருங்கள். கட்டில் ஓரத்தில் தலைகுனிந்து, கைகளைக் கோத்தபடி ஒருவன். பக்கத்தில் ஆடையின்றிப் படுத்திருக்கும் பெண். ரத்தமோ கத்தியோ கிடையாது. இதே படத்துக்கு 'வாடகைக்கு என்ன செய்வது?' என்றும் பெயர் உண்டு. அந்தப் பெயரோடு பார்த்தால் கொலைகாரன் மறைந்து, பணமில்லாமல் நொந்துபோனவன் தெரிகிறான். தடயம் தேடுகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை!

2002-ல் குற்றப் புனைகதை எழுத்தாளர் பட்ரீசியா கார்ன்வெல், ரிப்பர் எழுதியதாகச் சொல்லப்படும் கடிதங்களில் கிடைத்த டிஎன்ஏவைக் காட்டி சிக்கர்ட்தான் கொலையாளி என்றார். அது தாய்வழியில் வரும் மைட்டோகாண்ட்ரியல் டிஎன்ஏ; ஒருவரை மட்டும் அடையாளம் காட்டாது, ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பொருந்தும். அந்தக் கடிதங்களில் பெரும்பாலானவை விஷமிகள் எழுதியவை என்பதே ஆய்வாளர்களின் கருத்து. அதோடு, கொலைகள் நடந்துகொண்டிருந்த 1888 செப்டம்பர் தொடக்கத்தில் சிக்கர்ட் பிரான்சில் இருந்ததை அவருடைய தாயாரின் கடிதம் காட்டுகிறது.