பச்சை லைட்டு எரியுது, ஆனா லாரி நிக்குதே!

கேள்வி: அண்ணே வணக்கம். பாயான் லெப்பாஸ்ல ஒரு ஃபேக்டரில ஐடி சப்போர்ட் டீம் லீடரா இருக்கேன். அக்டோபர்ல கேஎல் ஹெட் ஆபீஸ்ல இருந்து ஸ்ட்ராட்டஜி ஸ்லைடு வரும், ஜனவரில நாங்க ஒரு பிளான் போடுவோம், இம்ப்ரூவ்மென்ட் லிஸ்ட்டுன்னு தனியா ஒரு எக்செல் வேற, அதுல 60 வரி. மூணுக்கும் சம்பந்தமே இல்ல. எஸ்எல்ஏ (இவ்ளோ நேரத்துல சரி பண்ணுவோம்னு நாங்க குடுத்த வாக்கு) ரிப்போர்ட் மாசாமாசம் பச்சைதான், ஆனா புரொடக்ஷன்ல எங்களைக் கண்டாலே மூஞ்சியத் திருப்பிக்கறாங்க. எங்க தப்பு? (பினாங்கு வாசகர்)

பதில்: தம்பி, அந்த எக்செல் என்கிட்டயும் இருந்துச்சு! முன்ன ஒரு கம்பெனில, 'ஓனர்'னு தனியா ஒரு கட்டம் போட்டு எல்லா வரிலயும் 'ஐடி டீம்'னு அடிச்சு வச்சிருந்தேன், ஐடி டீம்னா யாரு, யாருமில்ல. வருஷம் கழிச்சுப் பார்த்தா மூணு வரி முடிஞ்சிருந்துச்சு, அதுல ஒண்ணு பேன்ட்ரி வைஃபை.

முதல்ல உங்க பச்சை ரிப்போர்ட். நம்ம தொழில்ல இதுக்குப் பேரே தர்பூசணி, வெளிய பச்சை, அறுத்தா சிவப்பு. சிஸ்டம் 99.9 சதவீத நேரம் ஓடும்னு எழுதிக் குடுத்தா 30 நாள் மாசத்துல 43 நிமிஷம் அது படுத்துக்கலாம், அது ராத்திரி 3 மணிக்கா இல்ல காலைல 7 மணிக்கு ஷிஃப்ட் மாறும்போதா, ரிப்போர்ட்டுக்கு ரெண்டும் ஒண்ணுதான், ஸ்டோர்ல நிக்கறவருக்கு ஒண்ணா?

உதாரணத்துக்கு, ஸ்லைடுல 'ஆர்டர் வந்த அன்னிக்கே சரக்கு கிளம்பணும்'னு இருக்குன்னு வைங்க. லேபிள் பிரிண்டர் நின்னா பெட்டி நகராது, பெட்டி நகரலன்னா லாரி கேட்டுலயே நிக்கும், டிரைவர் எதிர்க்க மாமாக்ல ரெண்டாவது தே தாரிக் குடிச்சிட்டிருப்பாரு. பிரிண்டர் நின்னுச்சுன்னு அவங்க போட்ட டிக்கெட்டைத் திறந்து பாருங்க, அநேகமா பி3, அதாவது அவசரத்துல மூணாவது படி, நாலு மணி நேரம் டைம். மூணு மணி நேரத்துல சரி பண்ணிட்டா உங்களுக்குப் பச்சை, அவங்களுக்கு அன்னிய டெலிவரி போச்சு. (பாஸோட லேப்டாப் மட்டும் எப்பவும் பி1, அதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல.) உங்க ஸ்ட்ராட்டஜி போய் மாட்டிக்கிட்ட இடம் இதுதான்.

ஐடி சர்வீஸை எப்படி நடத்தறதுன்னு சொல்ற வழிகாட்டிதான் ஐட்டில். 2007-ல வந்த ஐட்டில் வி3 அஞ்சு புத்தகம், முதல் புத்தகம் ஸ்ட்ராட்டஜி, கடைசி புத்தகம் இம்ப்ரூவ்மென்ட். முதல்ல உள்ளது மேனேஜருக்கு, கடைசில உள்ளது நமக்குன்னு பிரிச்சுக்கிட்ட ஆபீஸ் நான் நிறைய பார்த்திருக்கேன். 2019-ல வந்த ஐட்டில் 4-ல இம்ப்ரூவ்மென்ட் மாடலோட முதல் கேள்வியே கம்பெனி எங்க போகணும்னு பார்க்குதுங்கறதுதான், ரெண்டாவதுதான் இப்ப எங்க நிக்கறோம். நாம நேரா நாலாவது கேள்விக்கு, அதான் எப்படிப் போறதுன்னு தாவிடறோம், டூல் வாங்கிடறோம்.

இப்ப அந்த 60 வரியையும் எடுத்து, சரக்கு கிளம்பறதைத் தொடுற வரியை மட்டும் மேல ஏத்துங்க, நாலஞ்சுதான் தேறும், மிச்சத்தை அழிக்க வேணாம், வேற ஷீட்ல தூங்கட்டும். ஒவ்வொண்ணுக்கும் ஒரே ஒரு ஆளோட பேர், அப்புறம் இன்னிக்கு என்ன நம்பர்ங்கறது. போன மூணு மாசத்துல காலை 7 மணிவாக்குல பிரிண்டர் எத்தனை தடவை நின்னுச்சுன்னு எண்ணாம கைய வைக்காதீங்க, இல்லன்னா சரி பண்ணினப்புறம் நல்லாச்சான்னு உங்களாலயே சொல்ல முடியாது. மூணு மாசத்துக்கு ஒருக்கா பிளானையும் எடுத்துத் திருத்துங்க, ஜனவரில எழுதினது கல்வெட்டா என்ன?

இன்னொண்ணு, இதை யாரும் செய்யறதில்ல: ஸ்லைடு வர்ற வரைக்கும் காத்திருக்காம ஆகஸ்ட்லயே அந்த நாலு வரியையும் நம்பரோட கேஎல்லுக்கு அனுப்பிடுங்க. பட்ஜெட் முடிஞ்சப்புறம் கேட்டா 'அடுத்த வருஷம் பார்க்கலாம்லா'ங்கற பதில்தான் வரும்.

கேள்வி: ஐட்டில் 4 ஃபவுண்டேஷன் எழுதலாமா சார், கஷ்டமா? (செந்தூல் வாசகி)

பதில்: எழுதுங்கம்மா. 40 கேள்வி, 60 நிமிஷம், 26 சரியா இருந்தா பாஸ், புத்தகம் பார்த்து எழுத முடியாது. பரீட்சைக் காசைக் கம்பெனி கட்டுமான்னு ஹெச்ஆர்ல முதல்ல கேட்டுக்கோங்க, நான் கேக்காம சொந்தக் காசைக் கட்டிட்டு அப்புறம் கிளெய்ம் பண்ணப் போய் திட்டு வாங்கினேன்.