மூன்று டிவிக்கு 300 எம்பிபிஎஸ் தேவையா?

கேள்வி: மதுரையில் மாடி வீடு. கீழே ஹாலில் 4கே டிவி, அம்மா அறையிலும் மாடியிலும் சாதாரண ஹெச்டி டிவிகள். மாதம் 799 ரூபாய்க்கு (ஜிஎஸ்டி தனி) 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு வைத்திருக்கிறோம். இரவு 9 மணிக்கு மாடி டிவியில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. 1,499 ரூபாய் 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறச் சொல்கிறார்கள். ஒரு வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால் ஒரு மாதம் இலவசமாம். மாறலாமா?

பதில்: வேண்டாம். மாறினாலும் மாடி டிவியில் வட்டம் சுற்றுவது நிற்காது என்றே நினைக்கிறேன்.

நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ், ஃபுல் ஹெச்டிக்கு 5. மூன்று டிவியும் ஒரே நேரத்தில் ஓடினாலும் 25தான். நான்கு செல்போன்களுக்கு 20 போட்டாலும் 45. கையில் இருக்கும் 100-இல் பாதிகூட ஆகவில்லை. கூடுதல் 700 ரூபாய்க்கு 18% ஜிஎஸ்டியும் சேர்ந்தால் மாதம் 826, வருடத்துக்கு 9,912 ரூபாய்.

இன்று இரவு 9 மணிக்கே ஒரு சோதனை செய்யுங்கள். லேப்டாப்பை ரவுட்டரில் லேன் ஒயரால் மாட்டி, ஃபாஸ்ட் டாட் காம் தளத்தில் வேகம் பாருங்கள். 90-க்கு மேல் வந்தால் லைன் சரி, கோளாறு வீட்டுக்குள். 30, 40 என்று வந்தால் கோளாறு பெரும்பாலும் கம்பெனி பக்கம். கட்டும் காசுக்கான வேகத்தையே தராதவரிடம் அதைவிடப் பெரிய திட்டம் வாங்குவானேன்? புகார் கொடுங்கள். லைன்மேன் வந்தால் பவர் மீட்டரில் ஃபைபர் சிக்னல் எவ்வளவு காட்டுகிறது என்று கேளுங்கள். மைனஸ் 27 டிபிஎம்-ஐத் தாண்டி மைனஸ் 28, 30 என்று போயிருந்தால் சிக்னல் பலவீனம்; பெரும்பாலும் ஒயர் எங்கோ மடங்கியிருக்கும் அல்லது கனெக்டரில் அழுக்கு இருக்கும்.

உங்கள் வீட்டில் லைன் சரியாகவே இருக்கலாம். விலை குறைந்த ஸ்மார்ட் டிவிகள் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டுமே பிடிக்கும். இரவில் அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் அதே அலைவரிசையில் நெரிகின்றன, நடுவில் கான்கிரீட் தளம் வேறு. ரவுட்டருக்கு 300 வந்தாலும் மாடிக்கு ஏறப்போவது அதே சொட்டுத்தான். மாடி டிவியும் அந்த வகை என்றால், 5 கிகாஹெர்ட்ஸும் சேர்த்துத் தரும் புது டூயல் பேண்ட் ரவுட்டர் வாங்குவதும் வீண்.

ரவுட்டரிலிருந்து மாடி டிவிக்கு ஒயர் இழுங்கள். 20 மீட்டர் கேட் 6 லேன் ஒயர், மீட்டர் 20-30 ரூபாய் வீதம் 400 முதல் 600 ரூபாய், கூலி தனி. முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். செம்பு பூசிய அலுமினியம் மலிவு, ஆனால் வளைவுகளில் சீக்கிரம் முறியும். கரண்ட் ஒயர் போகும் பைப்பிலேயே இதைத் திணிக்க விடாதீர்கள். டிவியின் லேன் போர்ட் பெரும்பாலும் 100 எம்பிபிஎஸ்தான் தாங்கும். படம் பார்க்க அது தாராளம்.

ஓடிடி கணக்கையும் பாருங்கள். நெட்ஃபிளிக்ஸ் 499 ரூபாய் திட்டத்தில் ஒரே நேரத்தில் இரண்டு திரைகள்தான். மூன்றாவது டிவியில் போட்டால் மறுக்கும். அது நெட்டின் குற்றம் அல்ல. நான்கு திரையும் 4கேயும் வேண்டுமென்றால் 649. இணைப்போடு 'ஓடிடி இலவசம்' என்றால் எந்தத் திட்டம் என்று கேளுங்கள். பேசிக் திட்டமாக இருந்தால் ஒரு திரைதான்.

'அன்லிமிடெட்' என்றாலும் மாதம் 3,300 ஜிபி போல ஒரு வரம்பு இருக்கும். ஹெச்டி மணிக்கு 3 ஜிபி வரை இழுக்கும். மூன்று டிவியும் தினம் 5 மணி நேரம் ஓடினால் மாதம் 1,350 ஜிபி. ஹால் டிவி மட்டும் 4கேயில், அதாவது மணிக்கு 7 ஜிபியில் ஓடினாலும் 1,950-தான். கவலை இல்லை.

12 மாதக் காசுக்கு 13 மாதம் என்பது வங்கி டெபாசிட் வட்டியைவிட லாபம்தான், மறுக்கவில்லை. ஒயர் போட்டு மூன்று மாதம் தொல்லை இல்லாமல் ஓடட்டும். பாதியில் வீடு மாறினால் மீதிப் பணம் திரும்பக் கிடைக்குமா என்று மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொண்டு, அதே 799 திட்டத்துக்கு அந்தச் சலுகை கிடைத்தால் வருடத்துக்குக் கட்டுங்கள்.