முதல் ரைபிளுக்கு மேக்னம் வேண்டாம்

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். வெளிநாட்டுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, கூட வேலை செய்பவர்கள் மான் வேட்டைக்குக் கூப்பிடுகிறார்கள், ரேஞ்சில் குறி சுடவும் ஆசை. ஒரே ரைபிள்தான் வாங்க முடியும் என்றால் .223, .308, .30-06, 6.5 கிரீட்மூர், .300 வின்செஸ்டர் மேக்னம் இவற்றில் எந்தத் தோட்டாவுக்கு வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். லைசென்ஸ், ஸ்கோப் (குறிபார்க்க மேலே பொருத்தும் தொலைநோக்கி), எந்தக் கம்பெனி நல்லது என்றும் ஒரு பட்டியல் இருக்கிறது. லைசென்ஸ் விதி நாட்டுக்கு நாடு மாறும். அதைச் சம்பந்தப்பட்ட அலுவலகத்திலேயே கேளுங்கள், தெரிந்தவர் சொன்னார் என்று எதையும் செய்யாதீர்கள். கம்பெனிப் பேச்சை இப்போதைக்கு விட்டுவிடலாம். தோட்டாவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். புதிதாக வருகிறவர்கள் அடிபடுவது அங்கேதான்.

மேக்னத்தை, அதாவது வெடிமருந்து அதிகம் கொள்ளும் பெரிய தோட்டாவை, முதலில் மறந்துவிடுங்கள். நான் வந்த புதிதில், எனக்கு முன்பே வந்து செட்டில் ஆகியிருந்த நம் ஆள் ஒருவர், "சுட்டா இதைச் சுடணும்" என்று ஒரு .300 மேக்னத்தைக் கையில் கொடுத்தார். தோளில் எப்படி அணைத்துப் பிடிப்பது, கண்ணை ஸ்கோப்பிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது, ஒரு வார்த்தை சொல்லவில்லை. சுட்டதும் ரைபிள் பின்னால் உதைத்து, ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைக் கிழித்துவிட்டது. காயம் சீக்கிரம் ஆறிவிட்டது. ஆனால் அதற்கப்புறம் எந்த ரைபிளை எடுத்தாலும், டிரிகரை இழுப்பதற்கு முன்பே உடம்பு தானாகச் சுருங்க ஆரம்பித்தது. அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் போக்குவது பெரும்பாடு. கிட்டத்தட்ட ஒரே எடையுள்ள ரைபிளில், .308 உதைப்பதைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு .300 மேக்னம் உதைக்கும். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் சுமார் 20 சென்டிமீட்டர் அகலம். அதில் சரியாகப் பட்டால் .308 தாராளமாகப் போதும். வயிற்றில் பட்டால் மேக்னமாக இருந்தாலும் அந்த விலங்கு மணிக்கணக்கில் துடித்துத்தான் சாகும். வேட்டைக்குப் போகிறவன் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான்.

.308-ஆ .30-06-ஆ என்று விடிய விடியச் சண்டை போடுகிறவர்களைப் பார்ப்பீர்கள். .30-06 வந்தது 1906-ல், .308 வந்தது 1952-ல். இரண்டிலும் குண்டின் (தோட்டாவிலிருந்து பறந்து போகும் பகுதி) விட்டம் ஒன்றுதான், 7.8 மில்லிமீட்டர். இடைப்பட்ட காலத்தில் நல்ல வெடிமருந்து வந்துவிட்டதால், 63 மில்லிமீட்டர் நீளக் கூடு (வெடிமருந்து இருக்கும் பகுதி) செய்த வேலையை 51 மில்லிமீட்டர் கூடு கிட்டத்தட்டச் செய்துவிடுகிறது. 150 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) குண்டு .308-ல் விநாடிக்கு சுமார் 860 மீட்டர் வேகத்தில் கிளம்பும், .30-06-ல் சுமார் 890. மான் வேட்டையில் இது ஒரு வித்தியாசமே இல்லை. எல்க், மூஸ் போன்ற பெரிய விலங்குக்கு 180 கிரெய்னும் அதற்கு மேலும் போட வேண்டுமென்றால் .30-06-க்குக் கொஞ்சம் சாதகம், அவ்வளவுதான்.

6.5 கிரீட்மூர் 2007-ல் ஹார்னடி கம்பெனி கொண்டுவந்தது. குறிபார்த்துச் சுடும் போட்டியை மனதில் வைத்துச் செய்தது. குண்டு ஒல்லியாக நீளமாக இருப்பதால் காற்று அதை அதிகம் தள்ளாது, வேகமும் மெதுவாகத்தான் குறையும். 500 மீட்டருக்கு அப்பால் .308-ஐ இது தெளிவாகவே முந்திவிடும், உதையும் குறைவு. மானுக்கும் போதுமானது. ஆனால் பேரல் (குழல்) .308-ஐ விடச் சீக்கிரம் தேயும். நிறையச் சுடப்போகிறீர்கள் என்றால் அதையும் கணக்கில் வையுங்கள். உங்கள் தேவைக்கு .308, 6.5 கிரீட்மூர் இந்த இரண்டில் ஒன்று. எனக்குக் கேட்டால், எங்கே போனாலும் தோட்டா கிடைக்கும் என்பதால் .308 பக்கம்தான் சாய்வேன்.

.223 ரேஞ்சுக்கு அருமை, செலவும் குறைவு, உதையே தெரியாது. ஆனால் 55 கிரெய்ன் குண்டை வைத்துக்கொண்டு மானைத் தேடிப் போகாதீர்கள். பல இடங்களில் சட்டமும் அனுமதிக்காது.

இனிமேல் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். பேரலில் பொறித்திருக்கும் பெயரும் தோட்டாவின் அடியில் பொறித்திருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். .300 பிளாக்அவுட் என்று ஒன்று இருக்கிறது. .223-இன் கூட்டை வெட்டிச் சுருக்கி, வாயை அகலமாக்கி, 7.8 மில்லிமீட்டர் குண்டை வைத்தது. .223 தோட்டாக்களை அடுக்கும் அதே மேகசினில் உட்காரும். சில குண்டுகளோடு .223 சேம்பருக்குள்ளும் (பேரலில் தோட்டா உட்காரும் இடம்) நுழைந்து, அதை மூடும் போல்ட்டும் பூட்டிக்கொள்ளும். சுட்டால் 5.7 மில்லிமீட்டர் பேரலுக்குள் அந்தக் குண்டு போக வழியில்லாமல் ரைபிளே வெடித்துச் சிதறும், முகத்துக்குப் பக்கத்தில். ரேஞ்சில் ஒரே மேசையில் இரண்டு வகைத் தோட்டாவைத் திறந்து வைத்துக்கொண்டு அரட்டை அடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். அதேபோல .223 என்று மட்டும் பொறித்த ரைபிளில் ராணுவ 5.56 தோட்டாவைப் போடாதீர்கள்; அழுத்தம் கூடிப்போகும். போட்டிக்கான மேட்ச் குண்டையும் வேட்டைக்கு எடுத்துப் போகாதீர்கள். துளையிட்ட முனையைப் பார்த்து, விலங்கின் உடம்பில் பட்டதும் அது விரியும் என்று நினைக்கிறார்கள். அது துல்லியத்துக்காகச் செய்தது. வேட்டைக்கென்று செய்த, பட்டதும் விரியும் சாஃப்ட் பாயிண்ட் வகையை வாங்குங்கள். காதுக்கு உள்ளே அடைப்பான், வெளியே மஃப், இரண்டும் போடுங்கள். போன காது திரும்பி வராது.

நம் ஆட்களில் இரண்டு வகை உண்டு. "நமக்கெதுக்கு இதெல்லாம்" என்று ஒதுங்கியே இருந்து, ஒதுக்கப்பட்டோம் என்று குறைப்படுபவர்கள் ஒரு வகை. வந்த மறுமாதமே இருப்பதிலேயே பெரிய தோட்டாவுக்கு ரைபிள் வாங்கி, போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு அலமாரியில் பூட்டி வைப்பவர்கள் இன்னொரு வகை. பொறுமையாகக் கற்றுக்கொண்டு இந்த ஊர்க்காரர்களோடு ஒருவராகப் பழகியவர்கள் குறைவு. சீசன் தொடங்குவதற்கு முன்னால் இந்த ஊர்க்காரர்களே இன்று என்னிடம் ரைபிளைக் கொண்டுவந்து ஸ்கோப்பைச் சரிபார்க்கச் சொல்கிறார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு.

அந்த நிலைக்கு என்னைக் கொண்டுவந்தவர் ரேஞ்சில் பழக்கமான ஒரு பெரியவர். நான் சுடுவதைத் தள்ளி நின்று பார்த்துவிட்டு, கேட்காமலே வந்து தன் .22 ரைபிளைக் கொடுத்தார். .22 லாங் ரைபிள் 1887-ல் வந்த தோட்டா. ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைபிள் போட்டி இன்றும் இதில்தான். அங்கே பத்துப் புள்ளி வட்டம் 10.4 மில்லிமீட்டர்தான். அதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று நினைக்காதீர்கள் என்றார். ஒரு கோடைக்காலம் முழுக்க அதையே சுட வைத்தார். அப்புறம் .308-ஐக் கொடுத்து, எனக்குத் தெரியாமல் மேகசினில் இடையிடையே வெடிமருந்து இல்லாத டம்மி தோட்டாவைக் கலந்துவிட்டார். டம்மி வந்ததும் வெறும் 'டிக்' சத்தம்தான்; வெடிக்கவில்லை. ஆனால் பேரலின் முனை மட்டும் சட்டென்று கீழே இறங்கியது. பயம் எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். 'டிக்' என்ற பிறகும் முனை அசையாமல் நிற்கும் வரை விடவில்லை. அதற்கப்புறம்தான் தன்னோடு வேட்டைக்கு வரச் சொன்னார். உங்களைக் கூப்பிடுகிறவர்களிடம் இந்தப் பயிற்சியைக் கேளுங்கள். டம்மி தோட்டா அவர்களிடம் இல்லையென்றால் ரைபிள் வாங்கும்போதே நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.