விமானியின் கையெழுத்தை நம்பி வைப்பு நிதியை உடைக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 52. இரண்டாம் உலகப்போர் விமான ஓவியங்கள் என்றால் சிறுவயதிலிருந்தே பித்து. எண்ணிட்ட லிமிடெட் எடிஷன் அச்சுகள் பதினான்கு சேர்த்திருக்கிறேன். இப்போது ஒரு விற்பனையாளர், விமானிகளே கையெழுத்திட்ட ஆறு அச்சுகளை மொத்தமாகத் தருகிறேன் என்கிறார். “இந்தக் கையெழுத்துகள் இனி வரவே வராது, விலை ஏறத்தான் செய்யும்” என்கிறார். ஓய்வுக்காலத்துக்காகப் போட்ட வைப்பு நிதி ஒன்றை முன்கூட்டியே முடித்து வாங்கலாமா?

பதில்: வேண்டாம்.

அவர் சொன்னதில் முதல் பாதி உண்மைதான். 1940இல் ஜெர்மனியின் தாக்குதலை எதிர்த்து நடந்த பிரிட்டன் வான்போரில் பறந்த நேச நாட்டு விமானிகளில் கடைசியாக எஞ்சியிருந்த ஜான் ஹெமிங்வே 2025 மார்ச்சில் காலமானார். ஆனால் இனி வராது என்பது ஒரு கணக்கு, ஏற்கெனவே எத்தனை வந்திருக்கின்றன என்பது இன்னொரு கணக்கு. பிரிட்டிஷ் விமானி டக்ளஸ் பேடர் 1982இலேயே இறந்துவிட்டார். ஜெர்மானிய விமானி அடால்ஃப் கேலண்டோ 1996 வரை இருந்தார். எத்தனையோ பதிப்புகளில் கையெழுத்துப் போட்டார். பதிப்புக்கு 500, 1,000 பிரதிகள் அச்சிடுவது இந்தத் தொழிலில் சாதாரணம். அதற்கு மேல் ஆர்ட்டிஸ்ட் புரூஃப் (ஓவியருக்கென ஒதுக்கும் பிரதிகள்) என்று தனி வரிசை வேறு. அந்தக் காலத்தில் ஆசையாக வாங்கியவர்களுக்கு இப்போது வயதாகிவிட்டது. வீட்டைச் சுருக்கும்போது சுவரில் இருப்பவை ஏலத்துக்குத்தான் வரும். வாங்குவதற்கு அடுத்த தலைமுறையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதுதான் என் கவலை.

ஏலத்தின் கணக்கைப் பாருங்கள். வாங்குபவரிடம் 25%, விற்பவரிடம் 15% கமிஷன் என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவர் 100 கொடுத்தால் ஏல விலை 80, விற்பவர் கைக்கு வருவது 68. நீங்கள் போட்ட 100 திரும்ப வரவே விலை 47% ஏற வேண்டும். ஆண்டுக்கு 5% ஏறினாலும் எட்டு ஆண்டுகள். அதே 5% வட்டியில் வைப்பு நிதியில் போட்ட 100 அந்த எட்டு ஆண்டுகளில் சுமார் 148 ஆகியிருக்கும். படத்துக்குச் சட்டம் (ஃபிரேம்) போட்ட செலவையும் அனுப்பும் செலவையும் நான் சேர்க்கவே இல்லை.

ஆறில் ஒன்றின் மீது உண்மையாகவே ஆசையா? அதை மட்டும் மாதச் செலவுபோக மிஞ்சும் பணத்தில் வாங்குங்கள். வாங்கும் முன் சட்டத்திலிருந்து கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கண்ணாடிக்குள் இருப்பதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். விளக்கொளியில் தாளைச் சாய்த்தால் பென்சில் கையெழுத்து மங்கலாக மினுங்கும், தாளில் லேசாக அழுந்தியும் இருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் கையெழுத்து புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது படத்தோடு சேர்த்து அச்சானது. அதற்குக் கூடுதலாக ஒரு காசும் தராதீர்கள். வெயில் படும் சுவரில் தொங்கிய படத்தில் சிவப்பும் மஞ்சளும் முதலில் போய், அந்தி வானம் நீலம் பாரித்துக் கிடக்கும். ஓரத்தை வெட்டியிருந்தாலோ, அட்டையில் பசைபோட்டு ஒட்டியிருந்தாலோ பேசாமல் திரும்பிவிடுங்கள். 12/1000, அதாவது ஆயிரத்தில் பன்னிரண்டாவது பிரதி, போன்ற சிறிய எண்ணுக்கு அதிக விலை கேட்பார்கள். இயந்திரத்தில் ஓடும் ஆஃப்செட் அச்சில் பன்னிரண்டாவது பிரதிக்கும் தொள்ளாயிரமாவது பிரதிக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு இன்றுவரை யாரும் காட்டியதில்லை.

கையில் உள்ள பதினான்கைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். உங்கள் சொத்துப் பட்டியலில் அவற்றுக்கு விற்பனையாளரின் விலைப்பட்டியலைப் பார்த்து மதிப்புப் போட்டிருந்தால் அடித்துவிடுங்கள். அதே அச்சு ஏலத்தில் கடைசியாக என்ன விலைக்குப் போனதோ, அதில் கமிஷன் கழித்ததை எழுதுங்கள். காப்பீட்டுக்கு மட்டும் மீண்டும் வாங்க ஆகும் விலை. நம்பகத்தன்மைச் சான்றிதழ்களையும் ரசீதுகளையும் படங்களின் பின்னால் செருகாமல் தனிக் கோப்பில் வையுங்கள். எது எந்தப் படத்துக்கு உரியது, விற்பதானால் யாரிடம் கேட்பது என்று ஒரு தாளில் எழுதி, அந்தக் கோப்பு இருக்கும் இடத்தை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவையுங்கள்.